கொக்கியில் தொங்கிய பூகம்பம்

ஒரு காலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மறு காலில் கழற்ற மறந்து, அகிலா என் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

தோளில் பை. கையில் எங்களுக்காகச் சென்னையிலிருந்து வாங்கி வந்த இனிப்புப் பெட்டி. முகத்தில் இன்னும் ரயில் தூக்கம். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரோரம் இருந்த நீளமான இரும்புக் கம்பியில், அவருடைய பூகம்பங்கள் வரிசையாகத் தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"ஜெபமணி சார், இதெல்லாம் எப்படித் தொங்குது?" என்று கேட்டார். 

"கொக்கியிலதான் மேடம்!" ஜெபமணிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓட்டை போட்டு மாட்டியிருக்கேன். ஒரு தாளு கசங்காது, பாத்துக்கிடுங்க."

"ஓட்டையா? எல்லாத்துலயுமா?"

"ஒண்ணு விடல மேடம்."

அகிலா அருகிலிருந்த துணி ரோலின் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. களைப்பு போலிருக்கிறது என்று நினைத்து, "டீ சொல்லட்டுங்களா அம்மணி?" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பனியன் ஊரில் பூமிக்கு என்ன வேலை?

இது நடந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் நடுவில் ஏதோ ஒரு வருடம். சரியான வருடம் கேட்டால் எனக்கு வராது. பேக்கரிக்காரர் தேங்காய் பன்னின் அளவைச் சுருக்கி, தெருவே அவரோடு சண்டை போட்ட வருடம் என்றால் திருப்பூர் ராயபுரத்தில் இன்னும் சிலருக்கு நினைவிருக்கும்.

அந்தப் பேக்கரிக்கு மாடியில்தான் என் கடை. பனியன் கம்பெனிகளுக்குப் பேட்டர்ன் போட்டுக் கொடுப்பது தொழில். பனியனின் முன்பக்கம், முதுகு, கை எல்லாம் எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று காட்டும் அட்டைக்குத்தான் பேட்டர்ன் என்று பெயர். அந்த அட்டையை ஒரு பெரிய மேஜையில் ஒட்டி, சிலுவைக் கோடு போட்ட ஒரு மவுஸால் ஓரத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனால், அதே வடிவம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அந்த மேஜையை டிஜிட்டைசர் என்போம். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை. அந்த மேஜையை வாங்க அவ்வளவு யோசித்தேன்.

ஆர்டர் இல்லாத மந்தமான மாதம் ஒன்றில், காகிதக் கட்டுகளோடு அகிலா படியேறி வந்தார். சென்னையில் நிலநடுக்க ஆராய்ச்சி மாணவி. அவர்கள் நிறுவனத்தில் இருந்த டிஜிட்டைசர் மேஜை பழுதாகிவிட்டதாம். திருப்பூரில் தடுக்கி விழுந்தால் ஒரு டிஜிட்டைசர் மேஜை மேல்தான் விழ வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

கட்டைப் பிரித்துக் காட்டினார். நீளமான வெள்ளைத் தாள்கள், ஓரம் மட்டும் பழுப்பேறியவை. ஒவ்வொன்றிலும் இடமிருந்து வலமாக ஓடும் நேர்கோடுகள், மேலிருந்து கீழ்வரை நெருக்கமாக. எப்போதோ மூடப்பட்ட ஒரு பழைய நிலையத்தில், உருளையில் சுற்றிய தாளின் மேல் ஒரு பேனா இரவு பகலாகக் கோடு போட்டுக்கொண்டே இருக்குமாம். பூமி சும்மா இருந்தால் கோடு நேராகப் போகும். ஆடினால் கோடும் ஆடும். தினமும் காலையில் புதுத் தாள் மாற்றுவார்கள். ஒரு தாள் என்றால் பூமியின் ஒரு நாள்.

"ஆடுனா ஆடிட்டுப் போகுதுங்க. அதைப் போயி எதுக்குங்க எடுத்து வெக்கோணும்?" என்று கேட்டேன். எனக்கு எப்போதுமே வாய் முந்தும்.

அகிலா கோபப்படவில்லை. இந்தத் தாள்கள் எல்லாம் ஒரு கிடங்கில் மூட்டையாகக் கிடந்தன என்றார். யாருக்காவது ஒரு நாளின் பதிவு வேண்டுமென்றால் கடிதம் போட்டு, பதிலுக்குக் காத்திருந்து, நேரில் போய், கிடங்குக்காரரிடம் தாஜா பண்ணி, பூச்சி அரித்தது போக மிச்சத்தைப் பார்க்க வேண்டும். கோடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நாளும் நேரமும் குறித்து, ஒரே இடத்தில் சேர்த்து வைத்துவிட்டால், எந்த ஊரில் இருப்பவரும் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

"கேக்கறவங்களுக்குக் கிடைக்கணும் சார். அவ்வளவுதான்," என்றார்.

அவருக்கே அதில் ஒரு நாள் வேண்டியிருந்தது. முன்பொரு காலத்தில், இட்லி சாப்பிடும் நேரத்தில், எங்கள் கொங்குப் பக்கம் ஒரு சின்ன அதிர்வு வந்திருக்கிறது. அவிநாசியில் பாத்திரம் உருண்டதை எல்லாரும் லாரி போனதாக நினைத்து மறந்துவிட்டார்கள். அகிலாவின் ஆராய்ச்சியில் கடைசி அத்தியாயமே அந்த அதிர்வுதான். மற்ற நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துவிட்டார். இந்த ஒரு நிலையம் மட்டும் பாக்கி. அதன் தாள் இந்தக் கட்டுகளுக்குள் எங்கேயோ இருந்தது. தேதி வாரியாக அடுக்காத கட்டுகள், தேடத்தான் வேண்டும்.

பூமிக்கு மிரர் கிடையாது

ஜெபமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கடையில் பேட்டர்ன் போடுபவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிழைக்க வந்து, எங்கள் ஊரிலேயே பெண் கட்டி, இங்கேயே ஊன்றிவிட்டார். கொங்குத் தமிழ் மட்டும் அவர் நாக்கில் கடைசி வரை ஏறவில்லை. பேட்டர்ன் வேலையில் அவர் கைக்கு ஈடு கிடையாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

முதல் நாள் அகிலா ஒரு தாளைக் கொடுத்து, ஓர் ஆட்டத்தைத் தொட்டு ஏற்றச் சொன்னார். ஜெபமணி பாதி டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். அகிலா திரையைப் பார்த்தார். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"மேலயும் கீழயும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கே?"

"மேல் பாதியத் தொட்டேன் மேடம். கீழ் பாதிக்கு மிரர் அடிச்சுட்டேன்."

பனியனில் வலது பாதியும் இடது பாதியும் ஒன்றுதான். அதனால் எங்கள் தொழிலில் யாரும் முழுசாகத் தொட மாட்டார்கள். பாதியைத் தொட்டு மிரர் என்று ஒரு பட்டனைத் தட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். ஜெபமணி பூமியையும் அப்படியே தைக்கப் பார்த்திருக்கிறார்.

"பூமி இவ்வளவு ஒழுங்கா ஆடாது சார்," என்று சிரித்தார் அகிலா. பிறகுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். ஓர் ஆட்டத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் அதன் முதல் அசைவு. கோடு முதலில் மேலே போனால் நிலம் அந்த நிலையத்தை நோக்கித் தள்ளியிருக்கிறது. கீழே போனால் விலகி இழுத்திருக்கிறது. அடியில் பாறை எந்தப் பக்கம் நழுவியது என்பதற்கு அதுதான் சாட்சி. அவருடைய அதிர்வுக்கு மற்ற நிலையங்களை வைத்து, இங்கேயும் மேலேதான் போயிருக்கும் என்று நம்பி அத்தியாயத்தை எழுதியே வைத்திருந்தார். தாளைப் பார்த்து உறுதிப்படுத்துவதுதான் பாக்கி.

அன்றே அகிலாவை அவருடைய பேராசிரியர் அழைத்துவிட்டார். தாள்களை வரிசைப்படுத்தி வைக்கச் சொல்லிவிட்டு அகிலா சென்னைக்கு ரயில் ஏறினார். ஜெபமணி தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் வேலை நடந்துவிடும். நடந்தும்விட்டது.

பதிவுகளுக்குப் பெயர் வைப்பதிலும் அவர் சும்மா இருக்கவில்லை. சின்ன ஆட்டங்களுக்கு எஸ், கொஞ்சம் பெரியவற்றுக்கு எம், எல். தாளையே கிழிப்பது போல் ஆடிய ஒன்றுக்கு டபுள் எக்ஸெல். பின்னால் அதையெல்லாம் மாற்றினோம். ஆனாலும் அகிலா பெரிய பூகம்பம் எதையாவது சொல்லும்போது, "அது எக்ஸெல் சார்," என்பார்.

ரிப்பீட் ஆர்டர்

ஓட்டை எதற்கு என்று சொல்லாமல் போனால் ஜெபமணிக்குச் செய்த துரோகமாகிவிடும்.

எங்கள் தொழிலில் பேட்டர்ன் கைக்கு வந்ததும் முதல் வேலை, மேல் ஓரத்தின் நடுவில் பஞ்ச் வைத்து ஓட்டை போடுவதுதான். பழைய நாலணாக் காசு அளவு ஓட்டை. அதில் கொக்கியைக் கோத்துக் கம்பியில் மாட்டிவிடுவோம். மடித்தால் மடிப்பு விழும், சுருட்டினால் சுருண்டே கிடக்கும், தரையில் வைத்தால் யாராவது மிதிப்பார்கள். அதற்குப் பிறகுதான் மேஜை, மவுஸ் எல்லாம். இது யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிவதில்லை. சாப்பிடும் முன் கை கழுவுவது போலத்தான்.

ஷிப்மென்ட் போன பிறகும் ஜெபமணி பேட்டர்னைக் கழிக்க விட மாட்டார். இடமில்லை என்று நான் கத்துவேன். "ரிப்பீட் ஆர்டர் வரும்லா அண்ணாச்சி," என்று அதை இன்னொரு கொக்கிக்கு மாற்றுவார்.

அதற்கும் ஒரு கதை உண்டு. அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனியில், ஒரு குழந்தைகள் பனியனை வாங்கிய வெளிநாட்டு பையர், அதே பனியன் மறுபடியும் வேண்டும் என்று ரிப்பீட் ஆர்டர் கொடுத்திருக்கிறார். பழைய பேட்டர்னைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரு பனியனை வைத்து ஒப்பேற்றி வெட்டியிருக்கிறார்கள். கப்பலேறிப் போனது அத்தனையும் திரும்பி வந்தது. எந்தக் குழந்தையின் தலையும் அந்தக் கழுத்தில் நுழையவில்லையாம். அன்றிலிருந்து ஜெபமணி எந்தப் பேட்டர்னையும் கழிப்பதில்லை.

அப்படிப்பட்டவர் கையில் கிடைத்த தாள்களை அவர் வேறு என்ன செய்திருப்பார்? எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. தினமும் அந்தக் கம்பியைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போனேன். அவை தொங்குவதைப் பார்த்தேன். இதமாகத்தான் இருந்தது.

ஓட்டைக்குள் போன காலை

டீ வந்தது. அகிலா குடிக்கவில்லை. ஒவ்வொரு கொக்கியாகத் தள்ளித் தள்ளித் தேதியைப் பார்த்தார். ஜெபமணி வரிசைப்படுத்தி வைத்ததால் தேடுவது சுலபமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த நாளின் தாள் கிடைத்தது. அகிலா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

தாளை மாற்றுவது காலையில். அதனால் மேலே இருக்கும் கோடுகள் எல்லாம் காலை நேரம். இட்லி நேரத்து அதிர்வு வேறெங்கே இருக்கும்? ஓட்டைக்கு இடது பக்கம் கோடு நேராக வந்தது. வலது பக்கம் தாறுமாறாக ஆடிக்கொண்டு போனது. ஆரம்பித்த இடம் மட்டும் ஓட்டையோடு போய்விட்டது. திருடன் ஓடுவது தெரிகிறது, எந்த வாசல் வழியாக நுழைந்தான் என்பதுதான் தெரியவில்லை.

"இந்த ஒரு நாளைக்குத்தான் சார் வந்தேன்," என்றார் அகிலா. கண்ணில் தண்ணீர் நின்றது. 

ஜெபமணி முகம் சுண்டிப்போய்விட்டது.  பிறகு மெதுவாக, "மேடம், மேலயா கீழயான்னு மட்டும் சொல்லுங்க. பின்னாடி ஒரு வெள்ளத் தாள ஒட்டி, கோட்ட நானே சேத்துருதேன். ஒரு பயலுக்கும் தெரியாது," என்றார்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. துணியில் ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாமல் நூல் கோத்து மூடுவது எங்கள் ஊரில் ஒரு வேலை. ஓட்டையோடு ஒரு பீஸை அனுப்புவதுதான் எங்களுக்குப் பாவம். அகிலா எழுதி வைத்த அத்தியாயத்துக்கும் மேலே போகும் ஒரு சின்னக் கோடுதான் தேவை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அகிலா அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒட்டினது எனக்குத் தெரியுமே, சார்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.  பிறகு திடீரென்று தலையை நிமிர்த்தி, "பஞ்ச் பண்ணினா ஒரு வட்டம் விழுமே, அது எங்க?" என்று கேட்டார்.

நானும் ஜெபமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பஞ்ச் மெஷினுக்கு அடியில் ஒரு சாக்கு எப்போதும் இருக்கும். அன்று அங்கே சாக்கு இல்லை. வேஸ்ட் வண்டி காலையில்தான் வந்து போயிருந்தது.

நெருப்பெரிச்சலில் ஒரு சாக்கு

திருப்பூரில் குப்பை என்று எதுவும் கிடையாது. வெட்டிய துணி, அறுந்த நூல், அட்டை, காகிதத் துண்டு எல்லாவற்றையும் வாங்க ஆள் உண்டு. எங்கள் வேஸ்ட், ஊர் ஓரத்தில் நெருப்பெரிச்சல் என்ற இடத்தில் இருக்கும் ராமாத்தாள் அக்காவின் குடோனுக்குப் போகும். என் ஸ்கூட்டரில் நானும் அகிலாவும், பின்னால் மொபெட்டில் ஜெபமணி.  வழியெல்லாம் நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு போனேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள்.

குடோனுக்குள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று துணித் துண்டுகள் கூரை உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. சாய வாசனையும் பஞ்சுத் தூசியும் மூக்கை அடைத்தன. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ராமாத்தாள் அக்கா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"ஏந்தம்பி, காத்தால கொண்டாந்ததை மத்தியானமே கேக்க வந்துட்டீங்க? சாக்குல தங்கத்தைப் போட்டுட்டீங்களாக்கும்?"

"தங்கமில்லீங்க அக்கா," என்றேன். "பூகம்பமுங்க."

அக்கா வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு அகிலாவின் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. "அக்கட்டால காயிதச் சாக்கெல்லாம் கெடக்குது பாருங்க. நீ அழுவாத கண்ணு, எங்கியும் போயிருக்காது," என்றார்.

ஜெபமணி எப்போதும் சாக்கை ஊதாக் காலர் துணியால்தான் கட்டுவார். அந்த முடிச்சை வைத்துச் சாக்கைக் கண்டுபிடித்துத் தரையில் கொட்டினார். எல்லாம் நாலணா வட்டங்கள். பேட்டர்ன் அட்டையெல்லாம் காக்கி நிறம், அவற்றை ஒதுக்கிவிட்டோம். வெள்ளை வட்டங்கள் மட்டும் மிஞ்சின. நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினோம்.

வட்டத்துக்கு வட்டம் நேர்கோடுகள்தான். பூமி சும்மா இருந்த காலைகள். ஒரு வட்டத்தைக்கூடப் பிடிக்காதவன் போல் நான் வேகவேகமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். பூமி இத்தனை காலைகள் பேசாமல் இருந்திருக்கிறதே என்று எனக்கு எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான்.

"ஏனுங் கண்ணு," என்றார் ராமாத்தாள் அக்கா, ஒரு வட்டத்தை விரல் நுனியில் ஒட்டி நீட்டியபடி. "இது மட்டும் நூலு இழுத்தாப்பல இருக்குதே?"

அகிலா அதை வாங்கவில்லை. அக்காவின் விரலையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சேர்ந்த கோடு

கடைக்குத் திரும்பி வந்து, மேஜையில் தாளை விரித்தோம். மின்விசிறியை நிறுத்தினேன். தையல் மெஷினுக்கு நூல் கோர்க்கும் இடுக்கியால் அகிலா அந்த வட்டத்தை எடுத்து ஓட்டைக்குள் இறக்கினார். ஒரு பக்கம் நேர்கோடு, ஒரு பக்கம் ஆட்டம். மெல்லத் திருப்பினார். ஜெபமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மேடம். போதும், போதும். ஸ்ட்ரைப் சேந்துட்டு."

கோடு போட்ட பனியனில் தையலின் இரு பக்கமும் சேர்வது போல, எல்லாக் கோடுகளும் இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்தன. நடுவில் அந்த ஒரு கோடு நேராக வந்து, சட்டென்று கீழே இறங்கி, பிறகுதான் ஆட ஆரம்பித்திருந்தது.

கீழே. மேலே இல்லை.

அகிலா தாளிலிருந்து நிமிர்ந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "மாசக் கணக்கா எழுதின அத்தியாயம் போச்சு சார்!"

"ஐயோ," என்றேன்.

"ஐயோ இல்ல சார். அது தப்பா இருந்திருக்கும். இனிமே சரியா எழுதுவேன்." அப்போதுதான் இனிப்புப் பெட்டியைத் திறந்தார். முதல் துண்டை ஜெபமணிக்குக் கொடுத்தார். அந்த மனுஷன் அதை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தின்றார். எங்களுக்கு முகத்தைக் காட்டவில்லை.

மற்ற ஓட்டைகளை என்ன செய்வது என்று கேட்டேன். "எது எந்தத் தாளோட வட்டம்னு சொல்ல முடியாது, ஓட்டையாவே இருக்கட்டும் சார். இங்க பதிவு இல்லைன்னு எழுதி வெச்சா போதும். இல்லாததை இல்லைன்னு சொன்னாத்தான் இருக்கறதை நம்புவாங்க," என்றார். வேலை முடிந்ததும் நிறுவனத்தில் தாள்களைக் கழித்துவிடலாம் என்றிருக்கிறார்கள். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்பது அவர்கள் வாதம். அகிலா சண்டை போட்டு, ஜெபமணியின் கொக்கிகளோடு அவற்றை ஓர் அறையில் தொங்கவிட்டுவிட்டார். என்ன சொல்லிச் சண்டை போட்டீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். "ரிப்பீட் ஆர்டர் வரும்னு சொன்னேன் சார்," என்றார்.

வருடங்கள் ஓடிவிட்டன. மேஜையை விற்றுவிட்டேன். ஜெபமணி நெருப்பெரிச்சலில் சொந்தமாகப் பேட்டர்ன் சென்டர் போட்டுவிட்டார். அகிலா இப்போது அந்தப் பதிவுகளை எல்லாம் காக்கும் பொறுப்பில் இருக்கிறார்.

சமீபத்தில் அவர் ஒரு மின்னஞ்சலை எனக்கு அனுப்பியிருந்தார். எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியது. உங்கள் பழைய நிலையம் ஒன்றின் பதிவுகளை இறக்கிப் பார்த்தேன், தினமும் காலையில் ஒரே நேரத்துக்கு, ஒரே அளவுக்குப் பூமி காணாமல் போகிறது, இது கருவியின் கோளாறா, அந்த வட்டாரத்துக்கே உரிய நிகழ்வா என்று கேட்டிருந்தார். கடைசியில், புதுமுறையில் ஆராய அசல் தாள்கள் தேவைப்படுகின்றன, அவை இன்னும் இருக்க வாய்ப்பில்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன் என்று முடித்திருந்தார்.

ஜெபமணியைத் தொலைபேசியில் கூப்பிட்டு முழுவதையும் தமிழில் சொன்னேன். ஓட்டையைப் பற்றிய கேள்வி அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அந்தப் பக்கம் மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"பாத்தியளா அண்ணாச்சி! ரிப்பீட் ஆர்டர் வந்துட்டு!"